கேட்டிலிருந்து திண்ணைக்கு 24 அடி

போன மாசம் மட்டும் மூணு பேர் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர், அம்பாசமுத்திரம் மார்க்கெட்டில் பழைய பழக்கக்காரர் ஒருவர், கடைசியாக எங்கள் தெருவிலேயே இருக்கும் ரிட்டையர்டு வாத்தியார். "அண்ணாச்சி, துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கணும்னா யாரைப் பாக்கணும்?" மூணு பேருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். வீடு தோட்டத்தை ஒட்டித் தனியாக.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்ட வீட்டில் ஒரே குடும்பத்தில் மூணு பேரை வெட்டிக் கொன்றார்கள். 2025-ல் ஈரோடு மாவட்டத்துச் சிவகிரிப் பக்கம் (நம்ம தென்காசிச் சிவகிரி இல்லை) தோட்டத்தில் தனியாக இருந்த வயதான புருஷன் பெண்டாட்டியைக் கொன்றார்கள். அந்தச் செய்திகளை டிவியில் பார்த்த இரவுகளில் எங்கள் வீட்டிலும் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

என்னிடம் கேட்பதற்கும் காரணம் உண்டு. 1975-ல் பட்டாளத்தில் சேர்ந்தேன். பதினேழு வருஷம் கழித்து ஊருக்கு வந்து, 1994-லிருந்து 2016 வரை ஒரு பேங்க் வாசலில் கார்டு. அந்த வேலைக்கு சொந்தத் துப்பாக்கி வேண்டும் என்பதற்காக வாங்கியது தான் என்னுடைய பன்னெண்டு போர் (குழல் அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கி. முப்பது வருஷத்துக்கும் மேலாக அது என் பீரோவில் இருக்கிறது. ஊரில் என்னை இன்னும் மிலிட்டரிக்காரர் என்றுதான் சொல்வார்கள். துப்பாக்கி இருக்கிற வீடு, அதனால் பயமில்லாத வீடு என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு சரியா என்று நானே சோதித்துப் பார்த்த கதையைத்தான் எழுதுகிறேன். லைசென்ஸ் வைத்திருக்கும் என் வயதுக்காரர்களும், வாங்க நினைப்பவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

மகன் ஒருநாள் இணையத்திலிருந்து சில பக்கங்களை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். அமெரிக்காவில் அறுபது தாண்டிய சாதாரண மக்கள் இடுப்பில் துப்பாக்கியோடு கடைகண்ணிக்குப் போய்வருகிறார்கள், அவர்களுக்கென்றே பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நம்ம ஊர்ச் சட்டமும் வாழ்க்கையும் வேறு. ஆனாலும் அதில் ஒரு செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது. சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டென்னிஸ் டூலர் என்பவர் 1983-ல் எழுதியது. கத்தியோடு ஓடிவரும் ஒருவன் 21 அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறான். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடவும் அதே நேரம்தான் ஆகிறது.

டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். எங்கள் வீட்டு கேட்டிலிருந்து திண்ணைக்கு 24 அடி.

அன்று ராத்திரி பத்து மணிக்கு வீட்டம்மாவிடம் மொபைலைக் கொடுத்து, கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னேன். நான் கட்டிலில் படுத்துக்கொண்டேன். சோதனைக்கு நிஜத் தோட்டா கூடாது. எப்போதோ சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டா இரண்டைத்தான் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் எழுந்து, துப்பாக்கியை எடுத்து, தோட்டா போட்டு, ரூம் வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

தாழ்ப்பாள் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. "இப்பம் வரட்டா?" என்று அவள் சத்தம் கொடுத்த பிறகுதான் எழுந்தேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன் படுக்கையிலிருந்து விருட்டென்று எழுந்தால் தலை சுற்றும். டாக்டர் சொல்லியிருக்கிறார், உட்கார்ந்து நிதானித்துத்தான் எழ வேண்டும். அதில் கொஞ்ச நேரம். கண்ணாடியைத் தடவி எடுக்கக் கொஞ்ச நேரம். பீரோச் சாவி துவாரத்தில் போகவில்லை. கை நடுக்கமில்லை, இருட்டில் துவாரம் தெரியவில்லை. தோட்டாப் பெட்டி தனிப் பூட்டில், தனி இடத்தில். துப்பாக்கியை மடக்கி, இரண்டு தோட்டாவையும் தள்ளி, மூடி நிமிர்ந்தபோது அவள் ரூம் வாசலில் நின்று பத்து தடவை மூச்சு விட்டிருப்பாள். "நான் எப்பவோ வந்துட்டேன். நீங்க இன்னும் பீரோகிட்டயே நிக்கீங்க" என்றாள். மொபைலைப் பார்த்தோம். எனக்கு 1 நிமிஷம் 52 நொடி. மூட்டுவலிக்காரி அவளுக்கு, கேட்டிலிருந்து ரூம் வாசல்வரை 19 நொடி.

அந்த வாரம் முழுக்கப் பழகினேன். 1 நிமிஷம் 20 நொடிக்குக் கீழே இறங்கவில்லை.

இதைச் சுருக்க ஒரே வழிதான் இருக்கிறது. தோட்டா போட்டபடியே தலைமாட்டில் வைத்துக்கொள்வது. அதை நான் செய்யமாட்டேன், உங்களையும் செய்ய விடமாட்டேன். லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வரும் வீடு. தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிற வயது. பாதித் தூக்கத்தில், கண்ணாடி இல்லாமல், பாத்ரூம் போய்விட்டு வருகிற பெண்டாட்டியின் நிழலைப் பார்த்து எழுகிற வயது. துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்று லைசென்ஸ் வாங்கும்போது எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம் இருக்கிறது. என் கூட்டாளி ஒருவர், சம்சாரம் தவறிய பிறகு யாரிடமும் பேசாமல் ஒடுங்கிப்போனார். அவருடைய பிள்ளைகள் சண்டை போட்டு அவர் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். அன்று அவர்கள்மேல் அவருக்கு அவ்வளவு கோபம். ஒரு வருஷம் கழித்து என் திண்ணையில் உட்கார்ந்து, "அவனுவ செஞ்சது சரிதான் வே" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். துப்பாக்கி இருக்கிற வீட்டில் திருடனுக்கு முன்னால் அது யார் கையில் கிடைக்கும் என்று யோசித்தே ஆக வேண்டும்.

உடம்பைப் பற்றிக் கூச்சப்படாமல் பேச வேண்டும். எனக்கு வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, இடது கண் பாக்கி. எதிரே வருகிற வண்டி லைட் பட்டால் சில நொடி ஒன்றும் தெரியாது. வயதாக ஆகக் கண்பாப்பா சுருங்கி, வெளிச்சம் உள்ளே போவது குறைகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கண் பழக இளவட்டத்துக்கு ஆவதைவிட ரொம்ப நேரம் பிடிக்கிறது. காதில் முதலில் போவது கீச்சுச் சத்தங்கள்தான்; தாழ்ப்பாள் உராய்வது, சருகு நொறுங்குவது. பட்டாளத்தில் காதடைப்பு இல்லாமல் சுட்டுப் பழகியவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் மல்லுக்கு நின்றால் சீக்கிரமே மூச்சு வாங்கும். ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சின்ன வெட்டுக்கூடப் பெரிய வெட்டு, ரத்தம் லேசில் நிற்காது. எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது கீழே விழுவதற்கு.

என் தங்கச்சி விஷயத்தில் இதைப் பார்த்தேன். மார்கழி மாசம், விடிகாலை, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பைக், இரண்டு பேர். வழி கேட்டார்கள். அவள் நின்று, கையை நீட்டி வழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இருந்தவன் கழுத்தில் கை வைத்தான். அவள் செயினைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. ஐந்து சவரன் போனது, இடுப்பு எலும்பு முறிந்தது. தகடு வைத்து ஆபரேஷன் செய்து, இன்றைக்கும் வாக்கர் இல்லாமல் வாசல்படி இறங்க முடியாது. செயினை விட்டிருந்தால் அன்றைக்கே கோயிலுக்கு நடந்து போயிருப்பாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளிடம் மெல்லக் கேட்டேன், முன்னாலேயே ஏதாவது பட்டதா என்று. பட்டிருக்கிறது. அதே பைக் ஒரு தடவை மெதுவாகத் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. வழி கேட்கும்போது இன்ஜினை அணைக்கவில்லை. பின்னால் இருந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, அவள் முகத்தைப் பார்க்காமல் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. "பின்ன ஏன் நின்ன?" என்றேன். "வழி கேக்கவங்ககிட்ட எப்படிண்ணே மொகத்தத் திருப்பிட்டுப் போவ?" என்றாள்.

எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம் வயதுக்காரர்கள் கண் தெரியாமல் ஏமாறுவது குறைவு. மரியாதைக்குக் கட்டுப்பட்டு ஏமாறுவதுதான் அதிகம். வழி கேட்டால் நிற்போம், தண்ணீர் கேட்டால் கதவைத் திறப்போம், "பாட்டி" என்று கூப்பிட்டால் மனசு இளகும். அது போகவும் கூடாது. ஆனால் வழியைத் தள்ளி நின்றும் சொல்லலாம். தண்ணீரைக் கிரில் வழியாகவும் கொடுக்கலாம். நடந்துகொண்டே "தெரியாது தம்பி" என்றால் யாருக்கும் அவமரியாதை இல்லை. இப்போது தங்கச்சி தெருப் பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறாள்: ரோட்டின் வலது பக்கமாக நட, எதிரே வருகிற வண்டி உன் கண்ணுக்குத் தெரியும், முதுகுக்குப் பின்னால் வருகிற வண்டி அந்தப் பக்கத்தோடு போய்விடும்.

பேங்க் வாசலில் இருபத்திரண்டு வருஷம் நின்றதில் நான் படித்ததும் இதுதான். தோளில் துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு நாளும் அதைத் தூக்க வேண்டி வரவில்லை. வேலை செய்தது கண்தான். பென்ஷன் நாளில் பெரியவர்கள் பணம் எடுத்து வெளியே வருவார்கள். பணம் எந்தப் பையில் இருக்கிறது என்று அவர்கள் கையே காட்டிக்கொடுத்துவிடும். பத்து அடிக்கு ஒரு தடவை அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். எதிர் டீக்கடையில் ஒருவன் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் டீயைத்தான் நான் பார்ப்பேன். ஆவி அடங்கி, மேலே ஆடை கட்டி, அப்படியே இருக்கும். டீக்கடையில் நின்றுகொண்டு டீயைக் குடிக்காமல் பேங்க் கதவைப் பார்க்கிறவனுக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது. நான் வாசலைவிட்டு நாலு அடி முன்னே போய் நின்று, அவன் முகத்தை நேராக ஒரு தடவை பார்ப்பேன். கிளாஸை வைத்துவிட்டுப் போய்விடுவான். தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்பது பெரும்பாலான திருடனுக்குப் போதும்.

பத்து ரூபாய் நோட்டுகளைக் கீழே போட்டுவிட்டு "ஐயா, உங்க பணம் விழுந்துட்டு" என்பது, சட்டையில் எதையாவது தெளித்துவிட்டு "அசிங்கம் பட்டிருக்கு, வாங்க கழுவி விடுதேன்" என்பது, ஏடிஎம்மில் உதவி செய்கிற மாதிரி கார்டை மாற்றுவது, எல்லாம் ஒரே வித்தைதான். உங்கள் பார்வையை ஒரு நொடி திருப்ப வேண்டும், அவ்வளவே. குனியாதீர்கள். முதலில் பையில் கை வையுங்கள், திரும்பப் பேங்குக்கு உள்ளே போங்கள்.

அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்த ஜெஃப் கூப்பர் இந்த விழிப்பை நிறத்தால் பிரித்திருக்கிறார். வெள்ளை என்றால் சுற்றிலும் என்ன நடக்கிறதென்றே தெரியாத நிலை. மஞ்சள் என்றால் பதற்றமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பது. ஒரு ஆள், ஒரு வண்டி என்று குறிப்பாக ஒன்று உறுத்தினால் ஆரஞ்சு. செய்தே ஆக வேண்டிய கட்டம் சிவப்பு. இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. வாழைத் தோட்டத்தில் ராத்திரிக் காவலுக்குப் போகிற எங்கள் மலையடிவார ஆட்கள் பன்றிக்கும் கரடிக்கும் நடுவே எப்போதும் மஞ்சளில்தான் இருப்பார்கள். பேசிக்கொண்டே நடப்பார்கள், திடீரென்று பேச்சு நிற்கும். தவளைச் சத்தம் ஒரு மூலையில் அடங்கியிருக்கும். அதே மனுஷன் டவுனுக்கு வந்தால் மொபைலைப் பார்த்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லைசென்ஸ் இருந்தால் சுடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் இருந்தால் எதிராளி உயிர் போகும் அளவுக்குக்கூட உரிமை உண்டு. கொள்ளைக்கும், சூரியன் மறைந்த பின் வீட்டை உடைத்து நுழைவதற்கும் சட்டம் அந்த இடம் கொடுக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி கூடாது. பயம் நீடிக்கும்வரைதான் உடம்பைக் காக்கும் உரிமையும் நீடிக்கும். அரிவாளைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு உயிருக்குப் பயந்தேன் என்று சொல்ல முடியாது. தற்காப்பு என்று சொன்னால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பும் நம்முடையதே. எழுபது வயதில் கோர்ட் படி ஏறி இறங்குகிற வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். பன்றிக்கென்று வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, தோட்டத்துக்குள் வந்த பன்றியை நாமாகச் சுட முடியாது.

2019 ஆகஸ்டில் கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். தோட்ட வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தில் பின்னாலிருந்து துணியைப் போட்டு இறுக்கினான் முகமூடிக்காரன் ஒருவன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த அம்மா கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து எறிந்தார். செருப்பு, பிளாஸ்டிக் நாற்காலி. பெரியவரும் உதறி எழுந்து நாற்காலியைத் தூக்கினார். அரிவாளோடு வந்த இரண்டு பேரும் பின்வாங்கி ஓடினார்கள். அந்தச் சுதந்திர தினத்தில் தமிழ்நாடு அரசு அவர்களுக்கு வீரத்துக்கான விருது கொடுத்தது. அந்த சிசிடிவி காட்சியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நாற்காலியின் நாலு காலும் அரிவாளுக்கும் உடம்புக்கும் நடுவே தூரத்தை வைத்திருந்தது. அவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் ஓடவில்லை. கூச்சல் நிற்கவே இல்லை. பீரோவைத் திறக்க நேரம் தேவைப்படவில்லை. அப்படியும் அந்த அம்மாவுக்குக் கையில் வெட்டு விழுந்தது, கழுத்துச் செயினும் போய்விட்டது. எல்லோரும் அப்படி எதிர்த்து நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் கொடுத்துவிடுங்கள், உயிருக்கு வந்தால் மட்டும் விடாதீர்கள்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16-ல் வந்தது. வழக்கம்போல லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னார்கள். பேங்க் காவலில் இருப்பவர்களுக்கு விலக்கு கிடைக்கும், ரிட்டையர்டு ஆனவனுக்கு என்ன விலக்கு? கொடுத்துவிட்டு ரசீதோடு வந்தேன். ஜூன் வரை வீட்டில் துப்பாக்கி இல்லை. அந்த மூணு மாசத்தில்தான் நாங்கள் வீட்டை வீடாகப் பார்த்தோம். ஆள் நடமாடினால் எரிகிற லைட் இரண்டு, கேட்டுப் பக்கம் ஒன்று, கிணற்றுப் பக்கம் ஒன்று. ஜன்னலை மறைத்திருந்த செம்பருத்தியை இடுப்பளவுக்கு வெட்டினேன். ரூம் கதவுக்கு உள்பக்கம் கனமான தாழ்ப்பாள், உள்ளே ஒரு மொபைல், டார்ச், ஒரு விசில். தாழ்ப்பாள் போட்டுவிட்டு 112-ஐ அழைக்க எங்களுக்கு ஆகும் நேரம் 25 நொடி, அதையும் அளந்தோம். தெருவில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாட்டு நாய்க்கு ராத்திரிச் சோறு போட ஆரம்பித்தாள் வீட்டம்மா. அதற்குக் கேட்பதில் பத்தில் ஒரு பங்குகூட எனக்குக் கேட்காது. வாத்தியார் வீடு, எங்கள் வீடு, இன்னும் இரண்டு வீடு, ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு மிஸ்டு கால். வராவிட்டால் போய்க் கதவைத் தட்டுவது என்று பேச்சு. ஒரு நாள் வாத்தியார் வீட்டிலிருந்து வரவில்லை. போனோம். பாத்ரூமில் வழுக்கி விழுந்து கிடந்தார்.

எனக்கு வருகிற ஆண்டு 70. 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி கைக்கு வந்து 25 வருஷம் ஆனாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். கோயம்புத்தூரில் இருக்கும் மகனிடம் கேட்டேன். "எனக்கு வேண்டாம்ப்பா. நீங்களும் இனி வச்சிருக்க வேண்டாம்" என்றான். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. முப்பது வருஷமாக எண்ணெய் போட்டுத் துடைத்த சாமான். அதன் கட்டையில் என் கன்னம் பட்டுப் பட்டு ஒரு இடம் வழவழப்பாகிவிட்டது.

அடுத்த தேர்தல் வரும்போது மறுபடி ஒப்படைக்கச் சொல்வார்கள். கொண்டுபோய்க் கொடுக்கும்போதே சொல்லிவிடப் போகிறேன், திரும்ப எடுக்க வரமாட்டேன் என்று. நேற்று பீரோவில் அந்த இடத்தை அளந்து பார்த்தாள் வீட்டம்மா. பேரப்பிள்ளைகளின் போர்வைகள் அங்கே கச்சிதமாகப் போகுமாம்.